ஒளியிழை இணைப்பில் நேரும் தடைகள்

இல்லங்களில் மின்விளக்கும் குழாய்நீரும் எவ்வளவு இன்றியமையாதனவோ, இணையத் தொடர்பும் இன்று அவ்வளவு இன்றியமையாததாயிற்று என்பது யாவரும் அறிந்ததே. வெளியினின்று வரும் தொடர்பை ஏற்று வீட்டினுள் செலுத்துங் கருவி ரவுட்டர் எனப்படும். ஒரு வழியாய் வந்ததைப் பல கணினிகளுக்கும் பகிர்ந்து வழங்குவது ஸ்விட்ச். இவ்விரண்டையுஞ் செப்புக் கம்பியால் இணைப்பதே பெருவழக்கு. எனினும், அக்கம்பிக்கு 100 மீட்டர் என்னும் எல்லை உண்டு. அன்றியும், தனித்தனியே நிற்கும் இரு கட்டடங்களைச் செம்பினால் பிணித்துவிடின், இடி மின்னற் காலத்தில் ஒன்றைத் தாக்கிய மின்விசை மற்றதிலுள்ள கருவிகளையும் பாழாக்குதல் கூடும். கண்ணாடியோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின், உலோகப் பகுதி சிறிதுமில்லாத ஒளியிழை வடத்தைப் பதித்து, முன்வீட்டு ரவுட்டரையும் பின்கட்டடத்து ஸ்விட்சையும் இணைப்பவர்கள் இப்பொழுது பலராயினர்.

இங்ஙனம் இணைத்தவருள் பலர்க்கு முதல் நாளே மனச்சோர்வு ஒன்று நேர்கின்றது. வடம் பதித்தாயிற்று, இரு முனைகளையுஞ் செருகியாயிற்று, ஆயினும் போர்ட்டின் அருகேயுள்ள சிறு விளக்கு எரியவில்லை. உடனே, வடம் அறுந்துவிட்டது என்பார் ஒருவர்; ஸ்விட்ச் பழுது என்பார் மற்றொருவர். முன்னவர் சொற்கேட்டு, மூடிய பள்ளத்தை மறுபடியுந் தோண்டுவோர் உளர். பின்னவர் சொற்கேட்டு, நல்ல கருவியை மூலையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோரும் உளர். புதிய கருவியிலும் விளக்கு எரியாதபோது அவர்கள் படும் துயரம் சொல்லுந்தரத்ததன்று. மறுநாட் காலையில் பின்கட்டடத்திலிருந்து இணையவழித் தேர்வெழுத வேண்டிய மாணவன் அவ்வீட்டில் இருப்பானாயின் கேட்கவே வேண்டுவதில்லை.

யாம் ஈண்டுக் கூற விரும்புவது ஒன்றே. விளக்கு எரியாமைக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பொருள் கெட்டமையன்று. இரு முனைகளும் தம்முள் ஒவ்வாமையே. அவ்வொவ்வாமை யாதென்று அறிதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. வரிசை தவறாது வினவும் பொறுமையே வேண்டும்.

போர்ட்டு எனப்படுவது செவ்வக வடிவமான ஒரு வெறுங்குழியே. அதனுள் விரலளவான எஸ்.எஃப்.பி. மாட்யூல் ஒன்றைச் செருகுகின்றோம். மாட்யூலின் முகத்தில் இரண்டு துளைகள் உள. ஒன்றினுள் இருக்கும் லேசர், கருவி தரும் மின்குறிகளை ஒளித்துடிப்புகளாக்கி வெளியே விடுகின்றது. மற்றதினுள் இருக்கும் ஒளியுணரி, எதிர்முனையினின்று வரும் துடிப்புகளை மீண்டும் மின்குறிகளாக்குகின்றது. ஆகவே போக ஓர் இழையும் வர ஓர் இழையுமாக இரண்டு இழைகள் வேண்டும். கண்ணாடியினுட் புகுந்த ஒளி புறத்தே சிதறாமல் உட்சுவரிற் பட்டுப் பட்டு ஓடுவதற்கு முழு அகப் பிரதிபலிப்பே காரணமென்பதை இயற்பியல் மாணவர் அறிவர். ஜெனீவா நகரத்துக் கொலாடோன் என்பார், வளைந்து விழும் நீர்த்தாரையினுள்ளே ஒளியும் வளைந்து செல்வதை 1841-ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஆனால் கண்ணாடியில் ஒளி நெடுந்தூரஞ் செல்ல நூற்றாண்டிற்கு மேலாயிற்று. ஒளி குன்றுதற்குக் கண்ணாடியின் இயல்பன்று, அதிலுள்ள அழுக்கே முதற்காரணம் என்று 1966-இல் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் எழுதினர். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் தூய இழையைச் செய்து காட்டினர். இன்று நாம் வாங்கும் சிங்கிள் மோடு இழையில் ஒளி செல்லும் நடுத்தண்டின் விட்டம் ஏறக்குறைய 9 மைக்ரான், அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கிற்கும் குறைவு. மல்டி மோடு இழையில் அது 50 அல்லது 62.5 மைக்ரான். இவ்வளவு நுண்ணிய வாயிலில் ஒரு தூசி வந்தமர்ந்தால் என்னாகும் என்பதைப் படிப்போரே ஊகித்துக்கொள்ளலாம்.

விளக்கெரிய வேண்டுமாயின் மூன்று நிகழ்தல் வேண்டும். கருவி தன்னுட் செருகிய மாட்யூலை ஏற்றுக்கொள்ள வேண்டும். எதிர்முனையின் ஒளி போதிய அளவில் வந்து சேரவேண்டும். வந்த ஒளியின் மொழி தன் மொழியாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றில் எது நிகழவில்லை என்று காண்பதே வேலை.

அதற்குமுன் ஒரு தெளிவு. வீட்டிற்கு இணையங் கொணரும் நிறுவனத்தார் தரும் பெட்டியில் பச்சை நிறக் கனெக்டருடன் ஓர் ஒளியிழை வந்து சேர்வதைப் பலர் கண்டிருப்பர். அது பொதுவாக பான் எனப்படும் வேறு முறையைச் சார்ந்தது. அதில் ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிந்து செல்லும். போக ஒரு நிறம், வர ஒரு நிறம் என ஒளி இருவகைப்பட்டு அவ்வோரிழையிலேயே ஓடும். நிறுவனத்தாரின் தலைமைக் கருவி பெயர் சொல்லி அழைத்தாலன்றி வீட்டுப் பெட்டி வாய் திறவாது. அப்போர்ட்டையும் ஸ்விட்சின் எஸ்.எஃப்.பி. போர்ட்டையும் இழையால் இணைத்துவிட்டு, விளக்கு எரியவில்லையே என்று வருந்துவது வீண். அவை என்றும் பேசா. யாம் சொல்லப்போவன யாவும் இருபுறமும் ஈதர்நெட் முறையிலான எஸ்.எஃப்.பி. போர்ட்டு உள்ள இணைப்பைப் பற்றியனவே.

முதல் வினாவிற்கு வருவோம். ஒவ்வொரு மாட்யூலினுள்ளும் சிறு நினைவகம் ஒன்று உண்டு. செய்தவர் யார், வேகம் எவ்வளவு, அலைநீளம் என்ன என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். கருவி அதனைப் படித்துப் பார்த்தே லேசரை இயக்குகின்றது. சில கருவிகள் தம் நிறுவனத்தார் பெயரோ, அவர் ஒப்புக்கொண்ட குறியோ இல்லாத மாட்யூலை ஏற்க மறுக்கும். குற்றமற்ற மாட்யூலைப் பெயர்பற்றி விலக்குதல் நியாயமோ என்று கேட்கலாம்; யாமும் அதனை நியாயமென்று கொள்ளவில்லை. எனினும் வழக்கம் அதுவாயிருத்தலின், வாங்கும்போதே இன்ன கருவிக்கு என்று சொல்லி அதற்கேற்பக் குறி எழுதப்பெற்றதை வாங்குதல் நன்று. இரு முனைக் கருவிகளும் வெவ்வேறு நிறுவனத்தாருடையவாயின், இரு மாட்யூல்களும் வெவ்வேறு குறியுடையனவாக இருக்கலாம், அதனாற் குற்றமில்லை. ஒளிக்குப் பெயர் தெரியாது. கருவியின் அமைப்புப் பக்கத்திலே மாட்யூலின் விவரம் தென்படுமாயின் முதல் வினா தீர்ந்தது.

இனி ஒளியைப் பற்றியது. இங்கே ஓர் எச்சரிக்கை முந்தவேண்டும். 1310 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே துளையினுள் எட்டிப்பார்த்து ஒளி வருகின்றதா என்று சோதிப்பதாற் பயனில்லை. கண்ணுக்குத் தீங்கு நேரவும் இடமுண்டு. எந்நிலையிலும் துளையையோ இழையின் முனையையோ கண்ணெதிரே பிடித்தலாகாது. சிலர் கைப்பேசியின் காமிராவைத் துளைக்கெதிரே காட்டுவர். 850 நானோமீட்டர் ஒளி அதில் மங்கலாகத் தோன்றுதல் கூடும், 1310 தோன்றாது. தோன்றாமையைக் கொண்டு லேசர் பழுது என்று முடிவு செய்தல் பிழை.

பார்ப்பதற்கு வேறு நல்ல வழி உண்டு. பெரும்பாலான மாட்யூல்கள் தாம் அனுப்பும் ஒளியின் வலிமையையும், பெறும் ஒளியின் வலிமையையும் தாமே அளந்து கருவிக்குச் சொல்லும். கருவியின் அமைப்புப் பக்கத்தில் அவ்வெண்கள் டி.பி.எம். என்னும் அளவையிற் காட்டப்பெறும். பூச்சியம் என்பது ஒரு மில்லிவாட். மைனஸ் 3 என்றால் ஏறக்குறைய அதிற் பாதி; மைனஸ் 10 என்றால் பத்திலொரு பங்கு; மைனஸ் 30 என்றால் ஆயிரத்திலொரு பங்கு. 10 கிலோமீட்டர் வரை செல்லும் 10 ஜிகாபிட் மாட்யூல், மைனஸ் 8.2 முதல் பிளஸ் 0.5 வரையுள்ள வலிமையில் அனுப்புதல் வேண்டுமென்பது விதி, மைனஸ் 14.4 வரை தாழ்ந்து வந்தாலும் அது படித்துக்கொள்ளும். வீட்டுத் தோட்டத்தில் 40 மீட்டர் ஓடும் இழையில் ஒளி குன்றுவது கணக்கிற்கே வாராத அளவு. குன்றுவதெல்லாம் இணைப்பு முனைகளில்தான். அதுவும் ஒரு முனைக்கு 0.75 டெசிபெல்லைக் கடத்தலாகாது. ஆதலின் ஒருபுறம் மைனஸ் 2 என அனுப்பினால், மறுபுறம் மைனஸ் 3 அல்லது 4 என வருதல் இயல்பு. மைனஸ் 20 என்று வந்தால் நடுவே ஏதோ ஒன்று ஒளியை விழுங்குகின்றது. மைனஸ் 40 என்றோ, எண்ணே இல்லையென்றோ காட்டினால் அங்கே முழு இருள்.

இருள் இருபுறமுமா, ஒருபுறமா என்பதை நோக்குக. இருபுறமும் இருளாயின், வடம் அறுந்ததென்று கருதுமுன் இழைகள் குறுக்கே மாறியுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரு முனையின் லேசர் மறுமுனையின் உணரியை நோக்குதல் வேண்டும். இழைகள் நேருக்கு நேர் சென்றுவிட்டால் லேசருக்கெதிரே லேசரும் உணரிக்கெதிரே உணரியும் நிற்கும். இருவர் ஒரே வேளையில் பேசி, ஒருவருங் கேளாதிருப்பது போலாம். ஒரு முனையில் மட்டும் இரண்டு கனெக்டர்களையும் இடம் மாற்றிச் செருகினால் குறை தீரும். பேரார்வத்தால் இரு முனைகளிலும் மாற்றிவிட்டால் பழைய நிலையே வந்துவிடும். புதிதாய்ப் பதித்த வடங்களில் இதனினும் மிகுதியாய் நேரும் குறை வேறில்லை என்று துணிந்து கூறலாம். ஒருபுறம் மட்டும் இருளாயின், அப்புறம் நோக்கி வரும் இழையோ, அதனை அனுப்பும் லேசரோ குற்றமுடையது.

இருளன்று, மங்கலே என்றால் அழுக்கையே முதலில் ஐயுறுக. கனெக்டரின் மூடியைக் கழற்றிய பின் முனையை விரலால் தொட்டாலும், மேசைமேல் வைத்தாலும் போதும். வேட்டி நுனியால் துடைப்பதும், வாயால் ஊதுவதும் அழுக்கை மிகுவிக்குமேயன்றி நீக்கா; ஊதும்போது ஈரமும் உடன் செல்லும். இதற்கென்றே பேனா வடிவில் விற்கும் துடைப்பானால் ஒருமுறை சொடுக்குதலே முறை. மாட்யூலின் துளைகளையும் அவ்வாறே துடைத்தல் வேண்டும். கனெக்டரைத் துடைத்துவிட்டு அழுக்கேறிய துளையிற் செருகுதல், குளித்துவிட்டுப் பழைய ஆடையை உடுத்தல் போலும். அடுத்து, வடம் கதவு நிலையிலோ சுவர் மூலையிலோ கூர்மையாய் மடிந்துள்ளதா என்று நோக்குக. பழைய வகைச் சிங்கிள் மோடு இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்திற்குக் குறைய வளைத்தலாகாது. வளைவு தாங்கும் புதுவகைகள் 10 அல்லது 7.5 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். ஆணி இறுக்கிய இடத்தில் எதுவும் பொறுக்காது. எலியும் அணிலும் வடத்தைக் கடித்திருப்பதும் உண்டு. ஐயமிருப்பின் சிவப்பொளி காட்டும் சிறு சோதனைக் கருவியை ஒரு முனையிற் பொருத்தினால், மறுமுனைக்கெதிரே பிடித்த தாளில் செம்புள்ளி தோன்றும். அறுந்த இடத்தில் உறையினூடே செவ்வொளி கசிவதையும் காணலாம்.

நிறங்களையும் அறிந்திருத்தல் நலம். மஞ்சள் உறை சிங்கிள் மோடு. நீலப்பச்சையும் ஆரஞ்சும் பொதுவாக மல்டி மோடு. 850 நானோமீட்டர் மாட்யூல் மல்டி மோடு இழைக்கு உரியது. 1310 சிங்கிள் மோடிற்கு உரியது. ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் மற்றொன்றும் இருப்பின் இணைப்பு உண்டாகாது. கனெக்டர்களிற் பச்சை நிறமுடையது 8 பாகை சாய்வாய்த் தீட்டப்பெற்றது; நீலம் நேராய்த் தீட்டப்பெற்றது. மாட்யூல்கள் கேட்பது நீலத்தையே. இணைய நிறுவனத்தார் விட்டுச்சென்ற பச்சைத் துண்டைச் சிக்கனங் கருதிப் பயன்படுத்தினால், இரு முகங்களும் பொருந்தாது இடைவெளி விழும். ஒரே இழையில் போகவும் வரவும் செய்யும் மாட்யூல்களும் உள. அவற்றை இணைகளாகவே வாங்கவேண்டும். ஒன்று 1270-இல் அனுப்பி 1330-இற் பெறுமாயின், மற்றது 1330-இல் அனுப்பி 1270-இற் பெறுதல் வேண்டும். ஒரே வகையில் இரண்டை வாங்கி வருந்துவோர் பலர்.

நிற்க. இவை யாவுஞ் செவ்வையாயிருந்து, இருபுறமும் நல்ல எண்களே தோன்றியும் விளக்கு எரியாதிருத்தல் உண்டு. இங்கேதான் பெரும்பாலோர் திகைக்கின்றனர். ஒளி வருகின்றதே, பின் ஏன் இணைப்பு இல்லை என்பர். ஒளி வருதல் வேறு, உடன்பாடு வேறு.

செப்புக் கம்பிப் பழக்கமே இத்திகைப்பிற்குக் காரணம். அங்கே 10 ஜிகாபிட் கருவியையும் 1 ஜிகாபிட் கருவியையும் இணைத்தால், இரண்டும் தம்முட் கலந்து பேசி, இருவர்க்கும் இயன்ற வேகத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும். ஒளியிழையில் அவ்வாறன்று. 1 ஜிகாபிட் மாட்யூல் நொடிக்கு 125 கோடி துடிப்பு என்னும் கதியில் அனுப்பும். 10 ஜிகாபிட் மாட்யூல் ஏறக்குறைய 1031 கோடி என்னும் கதியில் அனுப்பும். ஒன்று மற்றதன் கதிக்கு இறங்கி வாராது. வெளித்தோற்றத்திலோ எஸ்.எஃப்.பி. போர்ட்டும் எஸ்.எஃப்.பி. பிளஸ் போர்ட்டும் ஒரே அளவுள்ள குழிகள், மாட்யூல்களும் அவ்வாறே. உதாரணமாக, முன்வீட்டு ரவுட்டரில் 10 ஜிகாபிட் போர்ட்டும், பின்கட்டடத்து ஸ்விட்சில் 1 ஜிகாபிட் போர்ட்டும் இருப்பதாகக் கொள்வோம். வீட்டுக்காரர், உயர்ந்ததே வாங்குவோம் என்று எண்ணி இரண்டிற்கும் 10 ஜிகாபிட் மாட்யூலே வாங்குகின்றார். ஸ்விட்ச் அதனை இயக்காது. பின்னர் ஸ்விட்சிற்கு மட்டும் 1 ஜிகாபிட் மாட்யூல் வாங்கி மாற்றுகின்றார். இப்பொழுது ஒளி இருபுறமுஞ் செல்கின்றது; விளக்கு எரியவில்லை. செய்ய வேண்டுவது, இருபுறமும் 1 ஜிகாபிட் மாட்யூல் செருகி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அப்போர்ட்டின் வேகத்தை 1 ஜிகாபிட் என்று கையால் அமைத்தலே. சில கருவிகள் மாட்யூலைப் படித்துத் தாமே வேகத்தை மாற்றிக்கொள்ளும், சில மாற்றா, சில 10 ஜிகாபிட் போர்ட்டுகள் 1 ஜிகாபிட்டை ஏற்பதே இல்லை. 2.5 ஜிகாபிட் என்னும் நடுவகையும் இன்று உலவுகின்றது. ஆதலால், மாட்யூல் வாங்கப் புறப்படுமுன் இரு கருவிகளின் கையேட்டையும் படித்தல் வேண்டும். கையேட்டைப் படிப்போர் அருகிவரும் காலமாதலின் இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம்.

இதனினும் நுட்பமான ஒரு நிலை உண்டு. 1 ஜிகாபிட் ஒளி இணைப்பில், இரு முனைகளும் முதலிற் சில குறிச்சொற்களைப் பரிமாறிக்கொள்வது வழக்கம். இது ஆட்டோ நெகோஷியேஷன் எனப்படும். இங்கே பேசப்படுவது வேகமன்று. ஓட்டக் கட்டுப்பாடு முதலியனவே. இதனை ஒரு முனையில் நிறுத்திவிட்டு மறுமுனையில் விட்டுவைத்தால், நிறுத்திய முனை, ஒளி வந்தது, போதும் என்று விளக்கேற்றிவிடும். மறுமுனையோ விடைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ஒருபுறம் விளக்கு எரிய மறுபுறம் எரியாத இவ்விந்தையைக் கண்டதும், ஓரிழை அறுந்தது என்பர். ஓரிழை அறுந்தாலும் இவ்வாறு தோன்றுதல் கூடுமாதலின் அவ்வையம் முற்றுந் தவறன்று. பிரித்தறியும் வழி மேலே சொன்ன எண்களே. விளக்கு எரியாத முனையிலும் ஒளி நன்றாக வந்துகொண்டிருந்தால் இழை குற்றமற்றது. இரு முனைகளிலும் அவ்வமைப்பை ஒன்றாக்குக. அம்முனையில் இருளாயின் இழையையோ எதிர்முனை லேசரையோ ஐயுறுக. பள்ளந் தோண்டுவதா வேண்டாவா என்பதை இவ்வோரெண் முடிவு செய்யும்.

அமைப்புப் பக்கமோ எண்களோ இல்லாத எளிய ஸ்விட்ச் ஆயின் என் செய்வது? ஒரு மீட்டர் நீளமுள்ள சிறு பேட்ச் கார்டு ஒன்று போதும். ஸ்விட்சைப் பின்கட்டடத்திலிருந்து எடுத்துவந்து ரவுட்டரின் பக்கத்தில் வைத்து, அதே மாட்யூல்களை அச்சிறு துண்டால் இணைத்துப் பார்க்க. விளக்கு எரிந்தால் குற்றம் வடத்தில். எரியாவிட்டால் வடத்தைத் தொடவே வேண்டா. இழை இரண்டு கொள்ளும் மாட்யூலாயின், ஒரே மாட்யூலின் இரு துளைகளையும் ஓரிழையால் வளைத்து இணைத்து, தன் ஒளியைத் தானே கேட்கச் செய்தும் சோதிக்கலாம். நல்ல மாட்யூலாயின் விளக்கு எரியும். ஆனால் 40, 80 கிலோமீட்டர் செல்ல வல்ல மாட்யூல்களை இவ்வாறு சோதித்தலாகாது. அவற்றின் ஒளி குறுந்தூரத்தில் உணரியையே கெடுத்துவிடும். வீட்டிற்கு அவற்றை வாங்குதலே தவறு. ரவுட்டரும் ஸ்விட்சும் ஒரே அலமாரியில் இருப்பின் ஒளியிழையே வேண்டுவதில்லை. இருமுனையிலும் மாட்யூல் பொருத்தியே விற்கப்படும் குறுகிய செப்பு வடம் மலிவும் ஆகும்.

விளக்கு எரிந்த பின்னும் வேலை சிறிது உண்டு. ஒளி மங்கலாய், எல்லையருகே நிற்கும் இணைப்பில் விளக்கு எரியும். ஆயினும் செய்திகள் இடையிடையே சிதைந்து வரும். ஒரு நாள் கழித்துப் போர்ட்டின் பிழைக் கணக்கைப் பார்த்தல் வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால் மீண்டும் முனைகளைத் துடைக்க. ஏறாதாயின், இரு முனைகளிலும் அன்று காட்டும் ஒளியின் எண்களை ஒரு சிறு தாளில் நாளுடன் குறித்துக் கருவியின்மேல் ஒட்டிவைக்க. அடுத்த மழைக்காலத்தில் விளக்கு அணைந்தால், முதலில் ஒப்புநோக்க வேண்டுவது அத்தாளையே.